கண்டதும் சொன்னதும்

1

சென்ற மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்து என்னுடன் இரண்டு நாள் தங்கினார். கவிஞர். விமர்சனமும் எழுதுகிறவர். என் மேஜைமேல் கிடந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் என்ன?' என்று கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் ஐந்தாறு பேர் பல வருஷங்களாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்த குறிப்புகள் அவை. என்ன பறவை, என்ன மிருகம், எங்கே, எப்போது, எத்தனை. சொன்னேன். 'தகவல்தானே' என்று மூடி வைத்துவிட்டுக் காப்பி குடிக்க எழுந்தார். அந்தத் 'தானே'தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

குழு என்று சொல்லும்படி எங்களிடம் ஒன்றும் இல்லை. பெயர் கிடையாது, கூட்டம் கிடையாது, சந்தா கிடையாது. சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் ஒருவர். உத்தமபாளையத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். கூடலூரிலிருந்து விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாக ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய், இருட்டுவதற்கு முன் திரும்பும் ஒரு பெண்மணி. அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறோம். மலையடிவாரத்தில் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். பிறகு நான். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், இப்போது கைபேசியில், பார்த்ததைச் சொல்லிக்கொள்கிறோம். எழுதிவைக்கும் பழக்கம் எனக்கும் ஆசிரியருக்கும் உண்டு. கொடிக்கால்காரர் சில சமயம் வெற்றிலைக் கணக்குச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுப்பார். அவருடைய சீட்டு ஒன்றை இங்கே தருகிறேன்:

'அக்டோபர் 9. காலையில் அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனேன். கொடிக்கால் வேலியோரம் ஆறுமணிக்குருவி, ஒன்று. கிட்டப் போயும் பறக்கவில்லை. வந்த களைப்பாக இருக்கும். மருந்துக் கடையில் கடன் சொல்ல வேண்டியதாயிற்று.'

கடைசி வாக்கியத்துக்கும் குருவிக்கும் சம்பந்தமில்லை. இயற்கை பற்றிய பத்திரிகை எதிலாவது இது அச்சேறுவதானால் முதலில் வெட்டப்படுவது அந்த வாக்கியமாகத்தான் இருக்கும். நம் சிறுகதைக்காரர் கையில் அகப்பட்டிருந்தால் வேறு கதி நேர்ந்திருக்கும். வெகுதூரம் பறந்து களைத்த குருவியும் கடன் சொல்லி நிற்கும் மனிதனும் ஒன்றையொன்று பிரதிபலித்து, கடைசி வரியில் குருவி சிறகடித்துப் பறந்திருக்கும். சீட்டை எழுதியவர் இரண்டையும் செய்யவில்லை. இரண்டும் ஒரே காலையில் நடந்தன. அதனால் இரண்டும் சீட்டில் இருக்கின்றன. குருவி குருவியாக நிற்கிறது, கடன் கடனாக நிற்கிறது. தமிழ் உரைநடையில் இந்தக் கட்டுப்பாடு எனக்கு அபூர்வமாகவே கிடைத்திருக்கிறது. இதை எழுதியவருக்குத் தான் ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதாகத் தெரியாது என்பது வேறு விஷயம்.

தெரியாமல் செய்ததை வடிவம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது: வடிவத்தை எழுதுகிறவன் மட்டும் தீர்மானிப்பதில்லை, யாருக்குச் சொல்கிறான் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. கொடிக்கால்காரர் இதை எனக்குச் சொன்னார். எனக்கு அந்த வேலி தெரியும், அவர் அம்மாவைத் தெரியும், அக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து இறங்கும் என்பது தெரியும். எனவே வர்ணனை தேவைப்படவில்லை. நான் மறுநாள் அந்த வேலிக்குப் போய்ப் பார்க்கக்கூடியவன். எனவே பொய்யும் சாத்தியமில்லை.

2

நம் கவிதையில் பறவைக்கும் மிருகத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவை வந்தவுடன் வேலைக்கு அமர்த்தப்பட்டுவிடுகின்றன. காக்கை வந்தால் அது சமூகம். குருவி வந்தால் இழந்த வீடு. யானை வந்தால் நினைவு, அல்லது அதிகாரம். புதுக்கவிதை எத்தனையோ சம்பிரதாயங்களை உடைத்தது. இதை உடைக்கவில்லை. பழைய கவிதையைக் குறை சொல்லியும் பயனில்லை. சங்கக் கவிஞன் தன் காலத்து நாரையையும் மந்தியையும் நின்று பார்த்தவன் என்பதற்கு அந்தப் பாடல்களிலேயே சாட்சி இருக்கிறது. அதை உள்ளுறை என்று அவிழ்த்துக் காட்டிய பழக்கம் வகுப்பறையில் நிலைபெற்று, பறவை என்றாலே வேறு ஏதோ ஒன்று என்று நினைக்கும் மாணவர்களை உண்டாக்கியது. அந்த மாணவர்கள்தாம் நாம்.

இதற்கு மாறான ஒரு பாதை இங்கே இருந்தது என்பதைச் சொல்ல இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இருவரும் 1912ல் பிறந்தவர்கள். ஒருவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். மற்றவர் சி.சு. செல்லப்பா. அந்தச் 'சி' எங்கள் சின்னமனூர்.

கிருஷ்ணன் 1950ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 1996ல் தான் இறக்கும்வரை, 46 வருஷம், எழுதினார். புலியையும் யானையையும் பற்றி எழுதியிருக்கிறார் என்றாலும், வீட்டுத் தோட்டத்து அணிலையும் தெருக்கோடியில் கத்தும் ஆந்தையையும் பற்றி எழுதும்போது அவர் இன்னும் கூர்மையாகிறார். தன் வீடும் தன் எரிச்சலும் தன் சோம்பலும் அந்தக் குறிப்புகளுக்குள் வரத் தயங்குவதில்லை. ஆனால் அவை மிருகத்தின் மேல் ஏறி உட்காருவதில்லை. இதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். கிருஷ்ணன் போனபிறகுதான் நமக்கு அது கிடைத்தது. தொகுத்தவர் தாமே தமிழில் காட்டுயிர் பற்றி நிதானமாகவும் சொல்லில் கவனத்தோடும் எழுதிவருபவர். அவரையும் நம் விமர்சகர்கள் 'சுற்றுச்சூழல்' என்ற அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். உரைநடை என்று எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வை ஆரம்பித்தார். 1970 வரை 119 இதழ்கள். அவர் வற்புறுத்திய அலசல் விமர்சனத்தை நான் எனக்குப் புரிந்த வகையில் இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்: முதலில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார், உனக்கு என்ன தோன்றியது என்பதைப் பிறகு சொல். பறவை பார்க்கிறவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமும் இதுவேதான். அதே 1959ல் 'வாடிவாசல்' வந்தது. அந்தக் காரிக் காளையை எத்தனையோ விதமாகக் குறியீடாக்கிப் பார்த்துவிட்டார்கள். ஜமீன், ஜாதி, ஆண்மை என்று எல்லாம். அவை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவை நிற்பதற்குக் காரணம், அதற்கு முன்பே அங்கே ஒரு மாடு நிற்கிறது என்பதுதான். அதன் கால் எப்படி ஊன்றுகிறது, கொம்பை எந்தப் பக்கம் வாங்குகிறது என்பது பார்த்தவன் கண்ணுக்குத் தப்பவில்லை. பார்த்தவன் மாடு பிடிக்கிறவர்களோடு பேசிப் பழகியவன். இந்தப் பள்ளத்தாக்கின் பாஷையில் சொன்னால், மாடு தெரிந்தவன்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 'எழுத்து' தொடங்கி ஒரு வருஷத்தில், 1960ல், பம்பாயில் ஜாபர் புத்தேஹல்லி பறவை பார்ப்பவர்களுக்கென்று ஒரு செய்திமடல் ஆரம்பித்தார். முதலில் ஸ்டென்சில் பிரதி, சந்தாதாரர் கொஞ்சம் பேர். தேசத்தின் பல மூலைகளிலிருந்து தேயிலைத் தோட்டக்காரரும் குமாஸ்தாவும் டாக்டரும் தாங்கள் கண்டதை எழுதி அனுப்பினார்கள். அடுத்த இதழில் இன்னொருவர் அதை மறுத்து எழுதினார். சிறுபத்திரிகை என்பது இதைத் தவிர வேறென்ன? சொற்பப் பேர், கையில் காசு இல்லை, எழுதுகிறவனே வாசகன், வாசகன் மறுக்கக்கூடியவன். இரண்டுக்கும் நடுவில் பரிச்சயம் ஏற்படவில்லை என்பது நம் இலக்கியத்துக்கு நேர்ந்த நஷ்டங்களில் ஒன்று.

3

மறுக்கக்கூடிய வாசகன் என்றேன். அதை விளக்க வேண்டும்.

ஒரு முறை ஆசிரியர் எங்களிடம் வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் வல்லூறு பார்த்ததாகச் சொன்னார். நிறம் சரி, நெஞ்சில் கோடுகள் சரி, பறந்த விதம் சரி. சின்னப் பறவைகள் பயந்து கத்தினவாம், அதுவும் சரி. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'உக்காந்தவுடனே வாலை ரெண்டு பக்கமும் ஆட்டுச்சா சார்?' என்றார். ஆசிரியர் யோசித்து, ஆமாம் என்றார். 'அப்ப அது அக்காக்குயிலு.' அவ்வளவுதான். அக்காக்குயில் வல்லூறு மாதிரியே உடுத்திக்கொண்டு, வல்லூறு மாதிரியே பறந்து மற்றக் குருவிகளை ஏமாற்றுவது. ஆசிரியரையும் ஏமாற்றிவிட்டது. அவர் தன் நோட்டில் வல்லூறு என்பதை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியான பெயரை எழுதி, 'அக்கா திருத்தியது' என்று சேர்த்தார். அந்தக் கோட்டுக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். தான் தவறியதையும் பதிவின் ஒரு பகுதியாக விட்டுவைக்கும் எழுத்து நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? நம் கவிஞர்கள் அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். விமர்சகர்களோ மாற்றுவதே இல்லை.

சில திருத்தங்கள் வர நாளாகும். எங்கள் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. சின்னமனூரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியாது. கிழக்கே பார்த்தால் அடுக்கடுக்காக அலைபோல எழும் மலை. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அதற்கு ஹைவேவி என்று பெயர் வைத்தார்கள். அது ஹைவேவிஸ் ஆகி, இன்று ஒரு பேரூராட்சியின் பெயராக இருக்கிறது. மற்றவர்களுக்கு மேகமலை. 1948ல் அங்கே ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். இயற்கை ஆர்வம் கொண்டவர். 1949ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அந்த மலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றிக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். அந்தக் கழகமே 1883ல் எட்டுப் பேர் தாங்கள் கண்டதையும் சேகரித்ததையும் பேசிக்கொள்வதற்காகக் கூடியதில் பிறந்தது. ஹட்டனின் வௌவால் பம்பாய்க்குப் போயிற்று. சாதாரணமாக எங்கும் காணப்படும் குட்டைமூக்கு வௌவால் என்று பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டு அலமாரியில் தூங்கியது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகு கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்துக்காரர் அதை எடுத்துப் பார்த்தார். குட்டைமூக்கு வௌவாலுக்குச் சின்னதாக ஒரு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. பல்லின் அமைப்பும் வேறு. உலகத்தில் அதுவரை யாரும் பெயரிடாத ஜாதி என்று 1972ல் எழுதினார். அதற்கென்று ஒரு தனிப் பேரினமே உண்டாக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரினத்தில் வேறு வௌவால் இன்றுவரை கிடையாது. சாலிம் அலியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

இதில் யார் கண்டவர்? ஹட்டன் கண்டார். ஆனால் கண்டது என்னவென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. சீட்டு ஒட்டியவர்கள் கண்டார்கள், தவறாகக் கண்டார்கள். கிட்டி மலையைப் பார்க்காமலே கண்டார். இருபத்துநாலு வருஷம் ஒரு பார்வை முடிவடையாமல் இருந்திருக்கிறது. அது வீணாகாமல் போனதற்குக் காரணம் ஹட்டன் ஊரையும் வருஷத்தையும் ஒழுங்காக எழுதி, தனக்குத் தெரியாத யாரோ ஒருவர் பார்க்கும்படி விட்டுவைத்ததுதான். கொடிக்கால்காரர் எனக்கு எழுதும் சீட்டும் ஹட்டன் பம்பாய்க்கு அனுப்பிய வௌவாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். என்னைத் திருத்தக்கூடியவன் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அனுப்பப்பட்டவை. நட்பு என்று நான் சொல்வது இந்த நம்பிக்கையைத்தான். பரஸ்பரம் முதுகு தட்டிக்கொள்வதை அல்ல. இலக்கியத்தில் அதற்குக் குறைவில்லை.

4

திருத்துகிறவன் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2023 மே மாதம் நான் கம்பத்தில் பார்த்தேன்.

இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் ஒரு கொம்பன் யானை ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகியிருந்தது. அரிக்கொம்பன் என்ற பெயர் அதனால் வந்தது. கேரள வனத்துறை ஏப்ரல் 29 அன்று அதை மயக்கிப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டது. யானைக்கு நாம் போட்ட எல்லை தெரியாது. மேகமலைப் பக்கம் வந்து அலைந்தது. மே 27 காலையில் கம்பம் ஊருக்குள் நுழைந்துவிட்டது. 144 போட்டார்கள். இரு சக்கர வாகனத்தில் வந்த ஒருவர் யானையால் அடிபட்டு மே 30 அன்று இறந்தார். ஜூன் 5ல் மறுபடி மயக்கி ஏற்றி, களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள்.

அந்த நாட்களில் ஊரில் யானையைப் பார்க்காதவர் இல்லை. நான் சொல்வது கைபேசித் திரையை. தெருவில் யானை ஓடுவது, ஆட்டோ நசுங்குவது, மாடியிலிருந்து யாரோ கத்துவது. ஒரே காட்சி என் கைக்குப் பதினோரு பேரிடமிருந்து வந்தது. எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒன்றிலும் இல்லை. இரண்டு நாள் பழைய காட்சியை இப்போது நடப்பதாக அனுப்பினார்கள். வேறு யானையை இது என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அதைக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள், வீடிழந்த யானை என்று கண்ணீர் வடித்தார்கள். இந்தப் பக்கம் அரக்கன் என்றார்கள். இரண்டு தரப்பும் ஒரு யானையைப் பற்றிப் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் கவிதையில் நான் குறைகண்ட அதே வியாதி இங்கே தெருவில் நடமாடியது. மிருகம் வந்த கணத்திலேயே அது வேறு ஏதோ ஒன்றாக ஆகிவிட்டது.

நானும் யோக்கியன் இல்லை. அன்று மத்தியானம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதினேன். நாகரிகம், காடு, ஊருக்குள் புகுந்த வரலாறு என்று. நன்றாகவே வந்திருந்தது. மாலையில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: 'இன்னிக்கு ஜீப்பு வரல. கூலி இல்ல. ஆனைய நான் பாக்கல.' நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அந்த மூன்று வாக்கியத்தை எடுத்தெழுதி, தேதி போட்டேன்.

ஊரே பார்த்ததாகச் சொன்ன நாளில் ஒருவர் பார்க்கவில்லை என்று சொல்கிறார். பறவைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு ஸ்தானம் உண்டு. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அதில் பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாதது அங்கே தென்படவில்லை என்று அர்த்தம். பார்த்ததற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்புப் பார்க்காததற்கும் உண்டு. தினமும் இருட்டில் யானைத் தடத்தைக் கடந்து வேலைக்குப் போகிற அக்கா, எங்களில் எல்லோரையும்விட யானையை அதிகம் பார்த்தவர். அவருக்கு யானை ஒரு நாள் கூலி. அதனால்தானோ என்னவோ அவரால் அதைப் பற்றி மிகைப்படுத்த முடிவதில்லை.

5

இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் வட்டம் சுகமாக நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை.

மாடு மேய்க்கும் பெரியவரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். மலைமாடு வைத்திருப்பவர். எங்கள் நோட்டுகளில் பழைய வருஷங்களில் பாதிக் குறிப்புகள் அவர் சொன்னவை. செந்நாய் எந்தப் பள்ளத்தில் இறங்கியது, கரடி எந்தப் புற்றை இடித்தது, கோடையில் எந்த ஊற்று கடைசியாக வற்றியது. படிக்கத் தெரியாது. ஆனால் 'இருக்கும்' என்ற சொல்லையும் 'இருக்கு' என்ற சொல்லையும் அவர் குழப்பி நான் கேட்டதில்லை. கண்ணால் கண்டால்தான் 'இருக்கு'.

2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தேசத்தில் 51வது. 2022ல் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. காப்பகம் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். வைகைக்குத் தண்ணீர் அந்தக் காட்டிலிருந்து வருகிறது. மாடு போகிற இடத்தில் கன்று தழைக்காது என்பதில் உண்மை உண்டு. மாடு மட்டும்தானா காரணம் என்ற கேள்வியிலும் உண்மை உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது என் வேலையல்ல. என் நோட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு பெரியவரை டீக்கடையில் பார்த்து வழக்கம்போல் கேட்டேன், 'என்ன பாத்தீங்கண்ணே?'

'ஒண்ணும் பாக்கல தம்பி.'

அடுத்த மாதமும் அதே பதில். மூன்றாம் முறைதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. எங்கே பார்த்தீர்கள் என்று நான் கேட்பதன் பொருள் மாறிவிட்டது. பார்த்த இடத்தைச் சொன்னால் அவர் அங்கே இருந்தார் என்று ஆகிறது. நாற்பது வருஷம் நட்பின் பாஷையாக இருந்தது ஒரே உத்தரவில் ஒப்புதல் வாக்குமூலத்தின் பாஷையாகிவிட்டது. அக்காவின் 'பாக்கல'வும் இவருடைய 'பாக்கல'வும் ஒரே சொல். முன்னது எனக்குக் கிடைத்த மிக நேர்மையான குறிப்பு. பின்னது அவர் என்னிடம் சொன்ன முதல் பொய். அதைச் சொல்ல வைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. பேப்பரும் பேனாவுமாக வந்து கேட்கிறவன் நான்தானே.

க. ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' நூலை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கொடிக்கால் வாலாட்டி என்று ஒரு பெயர். ஆறுமணிக்குருவி என்று ஒரு பெயர். இந்தப் பெயர்களை வைத்தவன் பறவை பார்க்கப் போனவன் அல்ல. கொடிக்காலில் நிழலுக்குள் குனிந்து வேலை செய்தவன், விடியலிலும் அந்தியிலும் வேலைக்குப் போய்த் திரும்பியவன். வேலையின் நடுவே தலை நிமிர்ந்தபோது கண்டதற்கு, தான் நின்ற இடத்தையும் நேரத்தையும் பெயராக வைத்தான். பெரியவரின் மௌனத்தோடு ஒரு மலையின் பெயர்கள் மௌனமாகின்றன. விடுமுறைக்கு மேலே போய்க் காமிராவில் இருவாட்சியோடு திரும்புகிறவர்கள் அவற்றை ஈடுசெய்வார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் பார்ப்பது பொய் என்று சொல்லவில்லை. அவர்களைத் திருத்த அங்கே ஆள் இருக்கமாட்டார் என்கிறேன்.

சொல்லாமல் இருப்பதில் இன்னொரு வகையும் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தவறு. பல வருஷம் முன்பு ஒரு புளியந்தோப்பில் தேவாங்கு இருப்பதைப் பெரியவர் காட்டினார். மெலிந்தவனைத் திட்டத்தான் நமக்கு அந்தச் சொல் ஞாபகம் வரும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு செம்பொன் கண்கள், கிளையை ஒவ்வொரு விரலாகப் பற்றி நகரும் நிதானம். பார்த்தவனால் பிறகு அந்தச் சொல்லை வசவாகப் பயன்படுத்த முடியாது. நான் உற்சாகத்தில் ஒரு கட்டுரை எழுதினேன், ஊர்ப் பெயரும் தோப்பின் அடையாளமும் போட்டு. நன்றாக எழுதியதாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அந்தத் தோப்பில் இரவு நேரத்தில் புது ஆட்கள் வெளிச்சம் அடித்துக்கொண்டு திரிந்ததாகத் தெரிந்தது. மந்திரவாதத்துக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் உண்டு. அடுத்த கோடையில் நாங்கள் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. 2022ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். சந்தோஷம்தான். எங்கள் புளியந்தோப்புக்கு அது வந்து சேராது.

இடம் இல்லாத குறிப்பு பயனற்றது என்று இந்தக் கட்டுரை முழுவதும் வாதாடிவந்திருக்கிறேன். இடம் சொன்னதால் ஒரு தோப்பு காலியானதையும் சொல்கிறேன். இந்த முரணைத் தீர்க்க என்னிடம் சூத்திரம் இல்லை. யாருக்குச் சொல்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு சொல்வது, அவ்வளவுதான். சொற்பப் பேருக்காக எழுதுவதை நம் வட்டத்தில் சிலர் பெருமையாகவும் சிலர் வெட்கமாகவும் பேசுகிறார்கள். பெருமைப்படவும் வெட்கப்படவும் அதில் ஒன்றுமில்லை. சில விஷயங்களைச் சொற்பப் பேரிடம்தான் சொல்ல முடியும். ஆனால் அந்தச் சொற்பப் பேரில் பெரியவர் இருக்க வேண்டும், அக்கா இருக்க வேண்டும். அவர்கள் போய், நானும் சென்னை நண்பரும் மட்டும் மிஞ்சினால், அது வெறும் கும்பல்.

பெரியவர் இன்னும் டீக்கடைக்கு வருகிறார். மாடு பாதியை விற்றுவிட்டார். நான் இப்போது எதுவும் கேட்பதில்லை, பேப்பரும் எடுத்துப் போவதில்லை. மழை, விலைவாசி, அவர் பேத்தியின் படிப்பு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் எழுந்து போகும்போது, யாரிடமோ சொல்வதுபோல, 'ஊத்து இன்னும் வத்தல' என்றார். எந்த ஊற்று என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தேதி போட்டு அதை மட்டும் எழுதினேன். இடம் என்ற பத்தியைக் காலியாக விட்டேன்.